பினாங்கில் காட்டு ஆர்க்கிட்: முதலில் சாலையோர மரத்தைப் பாருங்கள்

பாயான் லெப்பாசில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொடிமலைக்கு, அதாவது பினாங்கு மலைக்கு, ஜீப் பாதை வழியாகப் பல முறை ஏறிவிட்டேன். ஒரு காட்டு ஆர்க்கிட்கூடக் கண்ணில் படவில்லை. பினாங்கில் இன்னும் இருக்கிறதா, எல்லாம் போய்விட்டதா? இருந்தால் எங்கே, எப்போது போக வேண்டும்? என்னிடம் ஒரு கைப்பேசியும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. செருப்பு ஆர்க்கிட் இருக்கும் இடம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்."

இருக்கிறது தம்பி. நிறையவே இருக்கிறது. நீங்கள் ஏறிய பாதையிலேயே பல வகைகளைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். பூ இல்லாத ஆர்க்கிட் பெரும்பாலும் புல் மாதிரியோ பெரணி மாதிரியோதான் இருக்கும். பூக்கடையில் பார்த்த ஊதா நிறக் கொத்தை மனத்தில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் எதுவும் தெரியாது. இங்குள்ள பல வகைகளில் பூ, விரல் நகத்தைவிடச் சிறியது. சில வகைகளின் பூ காலையில் மலர்ந்து மாலைக்குள் வாடிவிடும். ஆகவே எங்கே என்று கேட்பதற்கு முன்னால் எந்த மரம், எந்த நாள் என்று கேட்க வேண்டும். காட்டுக்குள் ஆழமாகப் போவது அதற்கெல்லாம் பிறகுதான்.

நகரத்திலிருந்தே தொடங்குங்கள். ஜார்ஜ் டவுனின் பழைய சாலைகளிலும் தாவரவியல் பூங்காவிலும் குடை விரித்த மாதிரி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைக் கவனித்திருப்பீர்கள். அது நம் நாட்டு மரமே இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் நிழலுக்காகக் கொண்டுவந்தது. ஆனால் நம் நாட்டு ஆர்க்கிட்டுகளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பட்டை கரடுமுரடாக இருப்பதால் தண்ணீர் தங்கும், தூசி போன்ற விதை ஒட்டிக்கொள்ளும். இலைகள் மாலையிலும் மழைக்கு முன்னும் மடங்கிக்கொள்வதால் மழைத்துளி நேராகக் கிளைக்கு இறங்கும். பகலில் அளவான நிழல். ஒரு வயதான தூங்குமூஞ்சியின் கீழ்க்கிளையை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனால் பெரணிகளுக்கு நடுவே இரண்டு ஆர்க்கிட் வகைகளாவது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இவை மரத்தை உறிஞ்சும் புல்லுருவிகள் அல்ல; ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். புல்லுருவி என்று நினைத்து வெட்டித் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் சொல்லிவைக்கிறேன்.

அங்கே முதலில் கண்ணில் படப்போவது புறா ஆர்க்கிட். மலாய்க்காரர்கள் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள். அறிவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமினாட்டம். பூ இல்லாதபோதும் இதை அடையாளம் காணலாம். தண்டின் அடிப்பகுதி உப்பியிருக்கும், நடுப்பகுதியில் இரு பக்கமும் தடித்த இலைகள், மேல்பகுதி கம்பி மாதிரி மொட்டையாக நீண்டிருக்கும். அந்தக் காய்ந்த கம்பியில்தான் பூ வரும். பூ வெள்ளை; கீழிதழின் நடுவில் மஞ்சள் தீற்றல்; நல்ல வாசம். பக்கவாட்டில் பார்த்தால் சிறகை உயர்த்திய புறா போலவே இருக்கும்.

இந்தச் செடி தன் மொட்டுகளை ஓரளவு வளர்த்து நிறுத்திவைத்திருக்கும். கொளுத்தும் மத்தியானத்தில் திடீரென்று பெருமழை பிடித்து, வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் சட்டென்று இறங்கினால் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். மழை பெய்த நாளிலிருந்து 9-ஆம் நாள் காலை, அந்த மழை விழுந்த வட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் பூக்கும். புக்கிட் மெர்தாஜாமில் மழை, தஞ்சோங் தொக்கோங்கில் வெயில் என்றால் இங்கே பூக்காது, அங்கே பூக்கும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: பூ ஒரு நாள்தான் நிற்கும், அதற்குள் தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை வேறொரு செடிக்குக் கொண்டுபோக வேண்டும். நமக்கும் இது வசதி. மலேசியாவில் பூக்கும் தேதியை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவைக்கக் கூடிய காட்டுப் பூ வேறு எத்தனை இருக்கின்றன?

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா புயல்மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையும் கவனியுங்கள். ஆனால் மழையின் அளவைவிட, அதற்கு முன் எவ்வளவு புழுங்கியது என்பதுதான் முக்கியம். நாள் முழுக்க நசநசவென்று தூறினால் வெப்பம் மெல்லத்தான் இறங்கும்; பூ வருவது சந்தேகம். எட்டாம் நாள் மாலையே போய்ப் பாருங்கள். மொட்டு நன்றாக வெளுத்துப் பருத்திருந்தால் மறுநாள் காலை அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

அதே மரத்தில் இன்னொன்றும் இருக்கலாம்: பல்போபில்லம் வஜினாட்டம். கிளையைச் சுற்றி அடர்ந்த பாய் மாதிரி படரும். இதைப் பெரும்பாலானவர்கள் நாணயம் போன்ற சின்ன இலைகளுடன் ஊர்ந்து படரும் பெரணியோடு குழப்பிக்கொள்கிறார்கள். வேறுபாடு எளிது. பல்போபில்லத்தில் ஊர்ந்து போகும் தண்டிலிருந்து இடைவெளி விட்டுவிட்டுச் சிறு குமிழ் எழும். ஒவ்வொரு குமிழின் உச்சியிலும் ஒரே ஒரு தடித்த இலை. பெரணியில் குமிழே கிடையாது. பூ வெளிர்மஞ்சள், மெல்லிய இழைகளாக, ஒரே காம்பிலிருந்து வட்டமாக விரியும். இதுவும் கூட்டமாகப் பூக்கிற வகைதான். தூரத்திலிருந்து பார்த்தால் கிளையில் பூஞ்சை பிடித்த மாதிரிதான் தோன்றும். கிட்டப் போனால்தான் அழகு தெரியும்.

பழைய மரங்களின் கவட்டையில், குறிப்பாகக் கடற்கரைப் பக்கம், வாள் போன்ற நீண்ட தடித்த இலைகளோடு பெரிய புதர் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது சிம்பிடியம் பின்லேசோனியானம் ஆக இருக்கலாம். பூங்கொத்து மேலே எழாமல் கயிறு மாதிரி கீழே தொங்கும். பெயரில் இருக்கும் பின்லேசன், 1821-இன் இறுதியில் சயாமுக்குப் போகும் வழியில் பினாங்கில் இறங்கிய ஆங்கிலத் தூதுக்குழுவின் மருத்துவர். மறுவருடமே கல்கத்தா தாவரத் தோட்டத்தின் வாலிச்சும் இங்கே வந்து செடி சேகரித்தார். மலாயாவின் செடிகள் பலவற்றின் அறிவியல் விவரிப்பு பினாங்கில் பறித்த மாதிரிகளிலிருந்துதான் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஆர்க்கிட் பார்க்க கேமரன் மலைக்குப் போகிறார்கள் நம் ஆட்கள்!

நகரத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டு வாசல் மரங்களிலும் பூங்காக்களிலும் யாரோ கட்டிவைத்த கலப்பின ஆர்க்கிட்டுகள் ஏராளம். கயிறு, கம்பி, தேங்காய் மட்டை, ஆணி இவற்றில் ஏதாவது தெரிகிறதா பாருங்கள். காலப்போக்கில் கயிறு மக்கிப்போயிருந்தாலும், மனிதன் கை எட்டும் உயரத்தில் ஒரே வரிசையாக இருந்தால் நட்டதுதான். கிளையின் மேல்பக்கத்தில் சிறியதும் பெரியதுமாகப் பல வயதுச் செடிகள் சிதறியிருந்தால் தானாக வந்தவை. தாமான் (குடியிருப்பு) ஓரங்களில் வரிசையாக வைத்திருக்கும் ஊதா நிற ஸ்பாத்தோகுளோட்டிஸ் ஆர்க்கிட் நம் நாட்டு வகைதான், ஆனால் அங்கே தானாக வளர்ந்தது அல்ல.

சரி, மலைக்கு வருவோம். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் ஏறும்போது, நிழல் குறைந்து வெயில் விழுகிற வெட்டுச்சரிவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மூங்கில் மாதிரி மெலிந்து ஆளுயரத்துக்கு நிற்கும் செடியின் நுனியில் இளஞ்சிவப்புப் பூ ஒன்றிரண்டு ஆடிக்கொண்டிருந்தால் அது அருந்தினா, மூங்கில் ஆர்க்கிட். வருடம் முழுக்க ஏதாவது ஒரு செடியில் பூ இருக்கும். இதோடு குழம்பக் கூடியது புரோம்ஹெடியா பின்லேசோனியானா. அதுவும் நாணல் மாதிரிதான் நிற்கும், ஆனால் பூ பால் வெள்ளை, கீழிதழில் மஞ்சளும் ஊதாவும். காலையில் பார்த்தால்தான் உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று இருந்தால் சுருங்கிப்போயிருக்கும்.

மேலே, மலைமுகட்டுப் பக்கம், வெப்பம் கீழே இருப்பதைவிடப் பல டிகிரி குறைவு. மேல் ரயில் நிலையமே 700 மீட்டருக்கு மேல். மேற்கு மலை உச்சி 833 மீட்டர். காலையில் மூடுபனி நிற்பதால் மரக்கிளைகளில் பாசி தடிப்பாக இருக்கும், தொற்றுச்செடிகளும் அதிகம். 2021-இல் யுனெஸ்கோ இந்த மலைப்பகுதியையும் சுற்றியுள்ள காடுகளையும் கடலோரத்தையும் சேர்த்து உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. உச்சியில் இருக்கும் தி ஹேபிடட் என்ற இயற்கைப் பூங்காவின் தொங்கு பாலத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் கிளைகளை அவற்றின் உயரத்திலேயே நின்று பார்க்க அது நல்ல வழி. காட்டு ஆர்க்கிட்டில் பெரும்பகுதி தலைக்கு மேல் இருபது மீட்டரில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அவற்றைப் பார்க்கக் காசில்லாத இன்னொரு வழி, புயலுக்கு மறுநாள் போவது. ஒடிந்து விழுந்த கிளைகளில் மேல்மாடி முழுவதும் உங்கள் காலடிக்கு வந்துவிடும். எரியா, டென்ட்ரோபியம், இலையே இல்லாமல் வேர் மட்டும் நட்சத்திரம் மாதிரி ஒட்டியிருக்கும் டெனியோபில்லம் போன்ற, கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாதவை கிடைக்கலாம். ஆனால் மலையில் மண்சரிவு வரலாம். 2017 நவம்பர் புயலை இங்கிருப்பவர்கள் மறக்கவில்லை. பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காட்டின் தரையில் தேடுவதென்றால் நடையின் வேகத்தைப் பாதியாக்குங்கள். இருட்டான ஓடைக்கரைகளில் கரும்பச்சை இலையில் செம்பு நிறக் கோடுகள் ஓடும் நகை ஆர்க்கிட்டுகள் இருக்கும். இவற்றுக்குப் பூவைவிட இலைதான் அழகு. இலையும் பச்சையமும் இல்லாமல் பூஞ்சையிடமிருந்து உணவு வாங்கி வாழும் வகைகளும் உண்டு. மழைக்குப் பிறகு சருகுக்குள்ளிருந்து வெளிர் காம்பாக எழும், சில நாளில் மறையும்.

செருப்பு ஆர்க்கிட் பற்றி: பினாங்கு மலையில் இருப்பது பாபியோபெடிலம் பார்பாட்டம். வெள்ளை மேலிதழில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள், பக்க இதழ்களின் மேல்விளிம்பில் மயிர் முளைத்த கரும்புள்ளிகள், நடுவில் கருஞ்சிவப்புப் பை. இலையில் பளிங்கு மாதிரி திட்டுத்திட்டாகப் பச்சை. பூச்சியை ஏமாற்றிப் பைக்குள் விழவைத்து, பின்பக்கத்து இடுக்கு வழியாக மகரந்தத்தோடு வெளியேற்றும் தந்திரக்காரப் பூ. தேன் ஒரு துளியும் தராது. குனோங் ஜெராய், லேடாங் மலைகளிலும்கூட இது உண்டு.

எங்கே என்று சொல்ல மாட்டேன், தம்பி. உங்கள்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் நான் எழுதுவதை நீங்கள் மட்டும் படிக்கப்போவதில்லை. இந்தப் பேரினம் முழுவதும், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது காட்டிலிருந்து எடுத்ததை நாடு கடத்தி விற்கவே கூடாது. மற்ற ஆர்க்கிட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் பட்டியல். மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இதை அமல்படுத்துகிறது. வனக் காப்பகத்திலிருந்து செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படியும் குற்றம். இருந்தும் தோண்டுகிறார்கள். தோண்டியதில் பல வீட்டில் செத்துப்போகின்றன. ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது; குறிப்பிட்ட பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும், முளைத்தாலும் பூக்கப் பல வருடங்கள். ஒரு பாறையில் இருந்த ஐந்து செடியை எடுத்துவிட்டால் அந்தப் பாறை திரும்ப நிரம்புவதற்கு ஒரு தலைமுறைகூடப் போதாமல் போகலாம். உங்களுக்கே தென்பட்டால் கொண்டாடுங்கள், படம் எடுங்கள், ஆனால் பின்னணியில் மலைமுகடு, பலகை, பாதை வளைவு எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிட்டே எடுங்கள். படத்தைப் பகிரும்போது பினாங்கு என்று போட்டால் போதும். செடி, விலங்குகளின் படங்களை ஏற்றிப் பதிவுசெய்யும் ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளம் அபாயத்தில் உள்ள வகை என்று பதிவாகியிருக்கும் செடிகளுக்கு இடத்தைத் தானே மங்கலாக்கிக் காட்டும். ஆனால் வகை தெரியாமல் வெறும் ஆர்க்கிட் என்று ஏற்றினால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம். நீங்களே மறைப்பைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இனி கேமரா. உங்களிடம் இருப்பதே போதும். லென்ஸ் வாங்கக் காசு இருந்தால் மட்டும் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ ஒன்று, பழையதாகவே வாங்கலாம். கிளையில் இருப்பவற்றுக்கு 70-300 ஜூம். என்னைக் கேட்டால் பினாங்கில் முதலில் ஜூம்தான் வாங்க வேண்டும். மரத்தில் இருக்கும் பூவுக்கு மேக்ரோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் கடிகாரப்படி பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை வெளிச்சம் மென்மையாக இருக்கும், காற்றும் குறைவு. பத்து மணிக்கு மேல் இலைவழியே விழும் வெயில் திட்டுகள் படத்தைக் கெடுத்துவிடும். அப்போது ஒரு வெள்ளைக் குடையை விரித்து நிழல் போட்டுக்கொள்ளலாம். மழைக்கும் ஆகும். புறா ஆர்க்கிட் போன்ற வெள்ளைப் பூவில் பலரும் தோற்பது ஒளியளவில்தான். பின்னால் கறுத்த மரப்பட்டை இருப்பதால் கேமரா படத்தை வெளுக்கவைத்துவிடும், இதழின் நரம்பெல்லாம் போய்விடும். ஒளியளவை முக்கால் படியாவது குறையுங்கள். கைப்பேசியில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். அப்புறம் திரையில் பூவைப் பெரிதாக்கிப் பாருங்கள், நரம்பு தெரிகிறதா என்று.

துளை அளவு எஃப் 8-இலிருந்து 11 வரை வைத்தால் கிட்டத்தில் எடுக்கும் சின்னப் பூவும் ஓரளவு முழுமையாகத் தெளியும். காட்டின் இருட்டில் அதற்கு ஷட்டர் மெதுவாகிவிடும், ஆகவே முக்காலி அல்லது ஃபிளாஷ். ஃபிளாஷ் என்றால் நேரடியாக அடிக்கக் கூடாது. வெள்ளை பிளாஸ்டிக் தாள் அல்லது பால் டப்பாத் துண்டு ஒன்றை முன்னால் வைத்து ஒளியைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் இலை எண்ணெய் தடவியது போல் மின்னும். இலையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் வடிகட்டி நன்றாக வேலை செய்யும், நகை ஆர்க்கிட் எடுக்கும்போது கட்டாயம் போடுங்கள்.

ஒரு பூவைப் பார்த்ததும் எல்லாரும் நேர்முகமாக ஒன்று எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு என்ன வகை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கணக்கான வகைகள். பலவற்றின் வேறுபாடு பூவின் பின்னால் இருக்கும் கொம்பிலும் கீழிதழின் உட்பக்கத்திலும்தான் தெரியும். ஆகவே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கீழிதழைக் கிட்டத்தில் ஒன்று. அப்புறம் இலை, தண்டின் அடி அல்லது குமிழ், முழுச் செடி, அது நிற்கும் மரப்பட்டை அல்லது மண். காய் இருந்தால் விடாதீர்கள். ஒரு படத்திலாவது அளவுக்கு விரலையோ ஐந்து சென் காசையோ பக்கத்தில் வையுங்கள். அழகுப்படம் எடுக்கும் ஆசை இருந்தால் இவற்றுக்குப் பிறகு.

குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காதீர்கள். ஒரு நூலால் ஒதுக்கிக் கட்டி, எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிடுங்கள். அந்தப் புல்தான் செடிக்கு நிழல், ஆட்களின் கண்ணிலிருந்து மறைப்பும்கூட. பாசிக்கரையில் முழங்காலிடும் முன் தரையைப் பாருங்கள், பூக்காத இளஞ்செடிகள் சுற்றிலும் இருக்கும்.

கையை எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம். சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலில் இருக்கும் அதே பச்சைக் குழிவிரியன் இந்தத் தீவின் காட்டிலும் உண்டு. தாழ்ந்த கிளையில் அசையாமல் நாள்கணக்கில் கிடக்கும். கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே கிளையைப் பிடிப்பது ஆபத்தான பழக்கம். சில ஆர்க்கிட்டுகளின் வேர்ப்பந்துக்குள் எறும்புக்கூடு இருக்கும். அக்ரியோப்சிஸ் அதில் பேர்போனது. அட்டைக்கு நீண்ட காலுறை. தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குப் போவதென்றால் வாசலில் பதிவு செய்ய வேண்டும். வனக் காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்குவதாக இருந்தால் மாநில வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்கள் பழைய கேமராவுக்காக. குளிரூட்டிய காரிலிருந்து நேராகக் காட்டுக்குள் எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும், துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும். கால் மணி நேரம் பையை மூடியபடியே வெளியில் வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பைக்குள் போட்டு அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அதற்குச் சில வாரங்களே போதும். மின்சார உலர்பெட்டி வாங்க முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அது நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.